வந்த நோயாளியும் வராத சோதனையும்

சேலம், நாமக்கல் சமவெளியில் நோயுற்ற ஒருவரின் நாள் எவ்வாறு கழிகிறது என்பதை அறியாதார் நம்முள் இலர். பொழுது புலருமுன் எழுந்து முதல் பேருந்தைப் பிடிக்க வேண்டும். மருத்துவமனை வாயிலில் சீட்டுப் பெற ஒரு வரிசை. மருத்துவரைக் காண மற்றொரு வரிசை. அவர் எழுதித் தரும் இரத்தச் சோதனைக்கு வெறும் வயிற்றோடு வரவேண்டுமெனில் அது அடுத்த நாள். ஸ்கேன் எடுக்க வேண்டுமெனில் வேறொரு தேதி. முடிவைக் கொண்டுவந்து காட்ட இன்னொரு நாள். அன்று அதே மருத்துவர் பணியில் இருந்தால் அது பெரும்பேறு. தனியார் மருத்துவரை நாடினாலும் டோக்கன் எண்ணும் காத்திருப்பும் உண்டு; கட்டணம் தனி. பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுபவருக்கும், ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளிக் கிழங்கு பிடுங்குபவருக்கும், நாமக்கல் கோழிப் பண்ணையில் உழைப்பவருக்கும் இத்தகைய நாள் ஒவ்வொன்றும் கூலி இழந்த நாளாகும்.

இந்நிலைக்குக் காரணம் கேட்டால், "நம் மக்கள் நோய் முற்றிய பின்னர்தான் வருகின்றனர், அவர்களிடம் விழிப்புணர்வு இல்லை" என்ற விடை ஆயத்தமாக இருக்கிறது. படித்தோர் கூடும் இடங்களிலும், மருத்துவ முகாம்களின் தொடக்க விழாக்களிலும், பங்குப் பேரவைகளிலும் இது அடிக்கடி ஒலிக்கிறது. வரிசையில் நிற்பவரே வரிசைக்குக் காரணம் என்பது இதன் உட்பொருள். இக்குற்றச்சாட்டு உண்மைதானா? ஏறத்தாழ நூறு ஆண்டு வரலாற்றின் துணைகொண்டு இதனை ஆராய முற்படுவோம்.

மருந்து இருந்த இடம்

ஆங்கிலேயர் ஆட்சியில் உருவான பழைய சேலம் மாவட்டம் பரப்பில் மிகப் பெரியது. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பகுதிகள் ஒரு காலத்தில் அதனுள் அடங்கியிருந்தன. தருமபுரி 1965 அக்டோபர் 2 அன்றும், நாமக்கல் 1997 சனவரி 1 அன்றும் தனி மாவட்டங்களாயின. அந்நாளில் மருந்தகங்களை நகராட்சிகளும் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு ஆகியவையும் நடத்தின. அவை பெரும்பாலும் நகரங்களிலும் வட்டத் தலைநகர்களிலும் அமைந்தன. உள்ளூரில் இருந்தவர்கள் நாட்டு வைத்தியரும் மருத்துவச்சியுமே. ஆங்கில மருத்துவம் வேண்டுவோர் மாட்டுவண்டியிலோ நடந்தோ அது இருக்கும் இடம் தேடிச் செல்ல வேண்டியிருந்தது.

சமவெளியின் நிலை இதுவெனில், மலையின் நிலை சொல்லவும் வேண்டுமோ? நாமக்கல்லுக்கு வடகிழக்கே எழும் கொல்லிமலையில் நடந்த ஒரு நிகழ்வு இங்கு நினைக்கத்தக்கது. ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேய பாப்டிஸ்டு சபைப் பணியாளரும் அவருடைய துணைவியார் ஈவ்லினும் 1913இல் சேந்தமங்கலத்தில் மணம் முடித்து அம்மலையில் குடியேறினர். ஜெஸ்ஸி மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர். அயல்நாடு செல்லும் பணியாளர்களுக்கென இலண்டனில் நடந்த லிவிங்ஸ்டன் கல்லூரியில் வெப்பநாட்டு நோய்களைப் பற்றிப் பயின்றவர். அப்பயிற்சியைக் கொண்டே அவர் மலைமக்களின் காய்ச்சலுக்கு மருந்து தந்தார், பல் பிடுங்கினார், நரம்புச் சிலந்திப் புழுவைச் சிறு குச்சியில் சுற்றிச் சுற்றி வெளியே எடுத்தார். 1929 சூன் 15 அன்று மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலால் அம்மலையிலேயே இறந்தார். அவர்களுக்கு 1914இல் பிறந்த மகன் பால் பிராண்ட், பின்னாளில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தி உலகப் புகழ் பெற்றார். ஈவ்லின் அம்மையார் முதுமையிலும் மலையூர்களைச் சுற்றிவந்து 1974இல் மறைந்தார்.

இவ்வரலாற்றை ஒரு குடும்பத்தின் தியாகக் கதையாக மட்டும் வாசிப்பதே நம் வழக்கம். நாம் இங்குக் கவனிக்க வேண்டியது வேறொன்று. புதிய சமயத்தை எளிதில் ஏற்காத அம்மலைமக்கள், அந்த வெள்ளையர் தந்த மருந்தை நாடி வந்தனர். மருந்து அருகில் வந்தபோது அவர்கள் அதனைப் பயன்படுத்தத் தயங்கி நிற்கவில்லை.

மருத்துவரை ஊருக்கு அழைத்தல்

மருத்துவர் நகரில் இருக்கிறார், நோயாளி சிற்றூரில் இருக்கிறார் என்னும் சிக்கலை அரசும் உணராமல் இல்லை. நீதிக்கட்சியின் பனகல் அரசர் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தபோது, 1924ஆம் ஆண்டளவில், சிற்றூர்களில் தங்கித் தொழில் நடத்த முன்வரும் மருத்துவர்களுக்கு அரசு மானியம் தரும் திட்டம் உருவாயிற்று. ஏழைகளுக்கு அவர்கள் இலவசமாக மருத்துவம் செய்யவேண்டும். வசதி உள்ளோரிடம் கட்டணம் பெற்றுக்கொள்ளலாம். நோயாளி நகருக்குப் போவதற்குப் பதிலாக மருத்துவர் ஊருக்கு வரட்டும் என்ற எண்ணமே புதுமை. ஆயினும் அதன் குறை அதன் அமைப்பிலேயே இருந்தது. கட்டணம் தரவல்லோர் மிகுந்த ஊரில் மருத்துவர் நிலைப்பார். வானம் பார்த்த பூமியில் வாழும் ஏழை ஊர் அவரை எவ்வாறு நிலைநிறுத்தும்?

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943இல் சர் ஜோசப் போர் தலைமையில் இந்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. சென்னையின் ஆ. இலட்சுமணசாமி முதலியாரும் வங்கத்தின் பி. சி. ராயும் அதில் உறுப்பினர்கள். 1946இல் வெளிவந்த அதன் அறிக்கை இந்தியச் சுகாதார வரலாற்றில் ஒரு மைல்கல். பணம் இல்லை என்ற காரணத்தால் எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படக் கூடாது என்பதும், சுகாதாரப் பணி மக்களுக்கு இயன்றவரை அண்மையில் இருக்கவேண்டும் என்பதும் அதன் அடிப்படைகள். உடனடித் திட்டமாக 40,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் அமைக்கப் பரிந்துரைத்தது. நெடுங்காலத் திட்டமாக 10,000 முதல் 20,000 மக்களுக்கு 75 படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவமனை வேண்டும் என்றது.

இக்கணக்கை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். ஒரு நடுத்தரப் பேரூராட்சிக்கு 75 படுக்கைகள்! 1952 அக்டோபர் 2 அன்று தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு ஆரம்ப சுகாதார நிலையங்கள் எழலாயின. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு முழு வளர்ச்சி ஒன்றியத்திற்குப் பொறுப்பேற்றது. இன்றைய அளவுகோலும் சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு நிலையம், மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்பதே. அந்த நிலையத்திலும் படுக்கைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. 1946இல் வரையப்பட்ட அளவுக்கும் கட்டி முடிக்கப்பட்ட அளவுக்கும் இடையே உள்ள வெளியில்தான் இன்றைய வரிசை நிற்கிறது.

வீடு தேடி வந்த சோதனை

இனிச் சோதனைகளின் வரலாற்றுக்கு வருவோம். வீட்டுக்கே வந்து இரத்தம் எடுக்கும் ஏற்பாட்டைப் பெருநகரப் பரிசோதனைக் கூடங்கள் இன்று புதுமையாக விளம்பரம் செய்கின்றன. நம் சிற்றூர்களுக்கு அது புதியதன்று.

மலேரியாக் காய்ச்சல் கொசுவால் பரவுவது என்பதற்கான தடயத்தை 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறிந்தார். ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் பார்த்தால் அக்காய்ச்சல் எது என்பது தெளிவாகும். நாடு விடுதலை பெற்ற காலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 7.5 கோடிப் பேர் மலேரியாவால் துன்புற்றனர் என்றும், 8 லட்சம் பேர் இறந்தனர் என்றும் மதிப்பிடப்பட்டது. 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும், 1958இல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கின. ஒழிப்புத் திட்டத்தில், ஏறத்தாழ 10,000 மக்களுக்கு ஒருவராகக் கண்காணிப்புப் பணியாளர்கள் அமர்த்தப்பட்டனர். இரு வாரங்களுக்கு ஒருமுறை அவர் ஒவ்வொரு வீட்டுக்கும் வருவார். காய்ச்சல் கண்டவர் உண்டா எனக் கேட்பார். விரல் நுனியில் குத்தி இரத்தப் பூச்சு எடுப்பார். முடிவு வரும் வரை காத்திராமல் முதல் மாத்திரையைக் கையிலேயே தருவார். வந்துபோன தேதியைச் சுவரில் குறித்துச் செல்வார்.

நோயாளிக்கு ஒருநாள் கூலியும் இழப்பில்லை. சீட்டு இல்லை, வரிசை இல்லை. 1960களின் நடுப்பகுதியில் நாடு முழுவதும் பதிவான மலேரியா நோயாளர் எண்ணிக்கை ஏறத்தாழ 1 லட்சமாக வீழ்ந்தது. மருந்து தெளிப்புக்கு இதில் பெரும் பங்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. வீடு தேடி வந்த சோதனையின் பங்கும் சிறியதன்று. பின்னர் பூச்சிக்கொல்லிக்குக் கொசுக்கள் பழகின; நிதியும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1976இல் நோயாளர் எண்ணிக்கை 64 லட்சத்தைக் கடந்தது. இவ்வீழ்ச்சிக்கும் எழுச்சிக்கும் இடையே மக்களின் அறியாமை கூடியதாகவோ குறைந்ததாகவோ எவரும் சொல்லவில்லை. மாறியது ஏற்பாடு.

இருமல் மருந்தோடு திரும்பியவர்கள்

நம் கேள்விக்கு நேரான விடையைத் தருவது காசநோயின் வரலாறு. 1950களின் பிற்பகுதியில் நாடு தழுவிய ஆய்வொன்று, காசநோய் நகரத்து நோய் என்ற நம்பிக்கையைத் தகர்த்தது. சிற்றூர்களிலும் அது ஏறத்தாழ அதே அளவில் இருந்தது. கோடிக்கணக்கான சிற்றூர் மக்களுக்கு எக்ஸ்ரேயும் சானடோரியப் படுக்கையும் எங்கிருந்து கிடைக்கும்?

இதற்கு விடைதேடிச் சென்னை சேத்துப்பட்டில் 1956இல் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து அதனை நடத்தின. சென்னையின் ஏழை நோயாளர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் ஓய்வு, நல்லுணவு, செவிலியர் கவனிப்பு ஆகியவற்றோடு மருந்துண்டனர். மற்றவர் தம் நெரிசலான குடிசைகளிலேயே இருந்து அதே மருந்தை உண்டனர். ஓராண்டுக்குப் பின் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் நலமடைந்திருந்தனர். வீட்டில் இருந்தவரால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்தது. படுக்கைக்காக மாதக்கணக்கில் காத்திருந்து மாண்டவர்களை எண்ணினால், இந்த ஆய்வு காத்த உயிர்கள் எத்தனை என்பது விளங்கும். ஏழையின் வீடு மருத்துவத்திற்கு ஏற்ற இடமன்று என்று கருதியிருந்தோர்க்குச் சென்னைக் குடிசைகளே விடை கூறின.

அடுத்த கேள்வி, நோயாளியைக் கண்டுபிடிப்பது எவ்வாறு என்பது. பெங்களூரின் தேசிய காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த தேபாபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் நம் சமவெளிக்கு வடமேற்கே உள்ள தும்கூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் ஓர் ஆய்வு நடத்தி 1963இல் வெளியிட்டனர். கணக்கெடுப்பில் காசநோய் உள்ளதாகக் கண்டறியப்பட்டவர்களிடம் சென்று, உடல்நலம் எப்படி இருக்கிறது, அதற்காக என்ன செய்தீர்கள் என்று வினவினர். பெரும்பாலோர், அதாவது 100க்கு 95 பேர் அளவில், தமக்குள்ள அறிகுறிகளை உணர்ந்தே இருந்தனர். பலர் அது குறித்துக் கவலை கொண்டிருந்தனர். ஏறத்தாழப் பாதிப்பேர் ஏற்கெனவே மருத்துவ உதவி நாடிச் சென்றிருந்தனர். ஆம், வந்திருந்தனர்! வந்தவர்களின் சளி சோதிக்கப்படவில்லை. ஒரு புட்டி இருமல் மருந்தோடு அவர்கள் திருப்பி அனுப்பப்பட்டனர்.

மக்கள் அறியாமையால் வருவதில்லை என்ற நெடுநாள் கூற்றை இந்த ஆய்வு ஆட்டம் காணச் செய்தது. வாயிலுக்கு வந்த நோயாளியை அடையாளம் காணத் தவறியது மருந்தகமே. இக்கண்டுபிடிப்பு 1962இல் உருவான தேசிய காசநோய்த் திட்டத்தின் போக்குக்கு வலுவூட்டியது. ஊர் ஊராக எக்ஸ்ரே வண்டியைக் கொண்டுசெல்வதினும், இருமலோடு தாமாக வருபவரின் சளியை அருகிலுள்ள நிலையத்திலேயே நுண்ணோக்கியில் பார்ப்பது சிறந்தது என்பது அப்போக்கு. ஒரு நுண்ணோக்கி, அதனைப் பார்க்கத் தெரிந்த ஒருவர், கேட்கப் பொறுமையுள்ள ஒரு மருத்துவர்: தேவைப்பட்டவை இவ்வளவே. அவை மூன்றும் ஒரே நாளில் ஒரே இடத்தில் கிடைப்பதுதான் அரிதாயிற்று.

திருப்பி அனுப்பப்பட்டவர் என்ன செய்வார்? நோய் தீராமையால் மற்றொரு வாயிலைத் தட்டுவார். கையிலுள்ளதை விற்றுத் தனியாரிடம் செல்வார். இறுதியில் மாவட்டத் தலைநகரின் பெரிய மருத்துவமனையில் போய் நிற்பார். அப்போது நோய் முற்றியிருக்கும். அவருடைய முந்தைய வருகைகளை அறியாத நாம், தாமதமாக வந்தார் என்று எழுதிக்கொள்கிறோம்.

அண்மையும் அச்சமும்

சோதனை அருகில் வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா? இவ்வினாவுக்கு நாமக்கல்லின் அண்மை வரலாறு ஒரு நுட்பமான விடையை வைத்திருக்கிறது.

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலில் கண்டறிந்தனர். அச்சோதனையைச் செய்யும் வசதி அன்று சென்னையிலேயே இல்லை. திரட்டிய இரத்த மாதிரிகளை இரயிலில் எடுத்துக்கொண்டு நிர்மலா வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குச் செல்ல வேண்டியதாயிற்று. மாநிலத் தலைநகரின் மருத்துவருக்கே சோதனைக்கூடம் இத்தொலைவில் இருந்தது என்றால், சிற்றூர் நோயாளியின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

நாமக்கல் லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்றது. வண்டிக்கு உடல் கட்டும் பட்டறைகளும், நாடெங்கும் சுமை ஏற்றிச் செல்லும் ஓட்டுநர்களும் நிறைந்த பகுதி. எனவே தமிழ்நாட்டில் அந்நோய் மிகுதியாகக் காணப்பட்ட மாவட்டங்களுள் ஒன்றாக அது பின்னர் அறியப்பட்டது. அரசு மருத்துவமனைகளில் இலவசச் சோதனையும் ஆலோசனையும் தொடங்கின. பின்னாளில் அவை ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரை இறங்கின. கருவுற்ற தாய்மார் வழக்கமான பரிசோதனைக்கு வரும் இடத்திலேயே இச்சோதனையும் செய்யப்பட்டதால், குழந்தைக்கு நோய் பரவாமல் தடுக்க வழி பிறந்தது. 2004 ஏப்ரலில் நாட்டில் இலவசக் கூட்டு மருந்து வழங்கலும் தொடங்கிற்று.

ஆயினும் இங்கே அண்மையே ஓர் அச்சமாயிற்று. உள்ளூர் நிலையத்தில் சோதனை செய்தால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சியோர், பெயர் அறியாத தொலைநகருக்குச் செல்வதை விரும்பினர். சோதனையோடு இரகசியம் காக்கும் நாவும், இழிவுபடுத்தாத பார்வையும் சேர்ந்து வந்தால்தான் அது மெய்யாக அருகில் வந்ததாகும். ஊரில் பேச்சு எழுப்புவோர் மருத்துவர் அல்லர், நாம். இவ்வளவில் நோயாளியின் வாயிலை அடைப்பதில் சமுதாயத்திற்கும் பங்குண்டு.

உயர்ந்த கட்டடங்களும் நீண்ட வரிசையும்

1986இல் சேலத்தில் மோகன் குமாரமங்கலம் பெயரால் அரசு மருத்துவக் கல்லூரி தோன்றியது. நாமக்கல்லின் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரி 12 அன்று திறக்கப்பட்டது. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிறுவப்பட்டு, அரசு நிலையங்களில் மருந்து இல்லை என்ற நெடுநாள் குறையைப் பெருமளவு போக்கியது. பெரிய மருத்துவமனைகளில் ஸ்கேன் மையங்களையும் குறைந்த கட்டணத்தில் நடத்தலாயிற்று. 2009இல் தொடங்கிய உயிர்காக்கும் காப்பீட்டுத் திட்டமும், 2012 முதல் நடைபெறும் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமும் ஏழைகளுக்கு அறுவை மருத்துவத்தை எட்டச் செய்தன. இவை அனைத்தும் நன்றியோடு நினைக்கத்தக்க சாதனைகள்.

ஆனால் காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே உதவுகிறது. நோய் எது என்று அறியும் முதற்கட்டத்தில், அதாவது மருத்துவரைக் காணும் நாளிலும் சோதனைக்கு அலையும் நாட்களிலும், நோயாளியின் கைப்பணமும் கூலியுமே செலவாகின்றன. கீழ்நிலையில் ஒரு சோதனை கிடைக்காதபோதெல்லாம் அங்கிருந்து ஒருவர் மேல்நிலைக்கு அனுப்பப்படுகிறார். சங்ககிரியிலிருந்து ஒருவர், இராசிபுரத்திலிருந்து ஒருவர், வாழப்பாடியிலிருந்து ஒருவர் என இவர்கள் அனைவரும் ஒரே வாயிலில் கூடுகின்றனர். அங்குள்ள மருத்துவர் அவர்களுக்கு ஒதுக்கக்கூடிய நேரம் சில நிமிடங்களே. பெரிய மருத்துவமனையின் நெரிசல் அங்கே தோன்றுவதில்லை. நுண்ணோக்கி பழுதுற்ற, பணியிடம் காலியான ஏதோ ஒரு சிறு நிலையத்தில் அது தோன்றுகிறது. மேலே எத்தனை மாடிகள் எழுப்பினாலும் கீழ்வாயில் அடைத்திருக்கும் வரை வரிசை குறையாது.

மருத்துவர் தரப்பிலும் நியாயம் உண்டு என்பதை மறத்தலாகாது. ஒரே காலையில் நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பார்க்க வேண்டிய இளம் மருத்துவர், இருமல் என்றவுடன் இருமல் மருந்தை எழுதுவது கொடுமையால் அன்று. கேட்கும் நேரத்தை அவருக்கு நாம் தரவில்லை.

மீண்டும் வீட்டு வாயிலில்

இக்காலத்தின் பெருநோய்கள் நீரிழிவும் இரத்த அழுத்தமும் ஆகும். மலேரியாவைப் போல் இவை ஒருமுறை மருந்தால் தீர்வன அல்ல. வாழ்நாள் முழுவதும் மாதந்தோறும் சோதனையும் மாத்திரையும் வேண்டும். ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை கூலியை இழந்து வரிசையில் நிற்க எத்தனை பேரால் இயலும்? பலர் பாதியிலேயே விட்டுவிடுகின்றனர்.

2021 ஆகத்து 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில், அதாவது பழைய சேலம் மாவட்டத்து மண்ணிலேயே, 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. மகளிர் தன்னார்வலர் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கின்றனர். தொடர் மருந்துகளைக் கையில் தருகின்றனர். படுத்த படுக்கையாய்க் கிடப்போர்க்கு இயன்முறை மருத்துவமும் வலிதணிப்பும் வீட்டிலேயே அளிக்கப்படுகின்றன. ஒரு துளி இரத்தத்தை வாயிலில் எடுத்த அந்த 1958ஆம் ஆண்டுப் பணியாளரின் வழித்தோன்றல்களாக இப்பெண்களைக் கருதலாம். 1978இல் அல்மா ஆட்டா நகரில் கூடிய உலக மாநாடு, மருத்துவம் மக்கள் வாழும் இடத்திற்கும் உழைக்கும் இடத்திற்கும் அண்மையில் அமைய வேண்டும் என்று அறிவித்ததன் பொருளும் இதுவே.

இத்திட்டத்தாலும் தீராதவை உள. சிறுநீரகம் கெட்டுவிட்டதா, கண்ணின் விழித்திரை பழுதுற்றதா, இதயம் தளர்ந்ததா என்று அறியும் சோதனைகள் இன்னமும் தொலைவிலேயே இருக்கின்றன. சர்க்கரை 300 என்று வீட்டு வாயிலில் அறிந்தவர், அடுத்த அடியை எங்கே எடுத்துவைப்பது என்று தெரியாமல் நின்றால், அச்சோதனையின் பயன் பாதியோடு நின்றுவிடும். 1976இன் பாடமும் கண்முன் உள்ளது. நோய் குறைந்தது என்று எண்ணிக் கண்காணிப்பைத் தளர்த்தியபோது எவ்வளவு விரைவாக எல்லாம் தலைகீழாயிற்று!

நம் முன் உள்ள வினா

யோவான் நற்செய்தி கூறும் பெத்சதா குளத்தை நாம் அறிவோம். முப்பத்தெட்டு ஆண்டுகளாக நலமற்றிருந்த ஒருவர் அதன் மண்டபத்தில் கிடந்தார். குளம் அருகில்தான் இருந்தது. நலம்பெறும் விருப்பமும் அவருக்கு இருந்தது. நீர் கலங்கும்போது அவரைக் கொண்டுபோய் இறக்கிவிட ஆள்தான் இல்லை. அவர் நகர்வதற்குள் வேறொருவர் முந்திக்கொண்டார். அவரை அறியாமை உடையவர் என்று எவரேனும் கூறத் துணிவரோ?

நூறாண்டு வரலாறு நமக்குக் கூறுவதும் இதுவே. கொல்லிமலையில் மருந்து கிடைத்தபோது மக்கள் வந்தனர். தும்கூரில் மருந்தகத்தை நாடி வந்தவர்கள் சோதிக்கப்படாமல் திரும்பினர். சென்னைக் குடிசையில் தந்த மருந்தை ஏழைகள் ஓராண்டு உண்டு நலமடைந்தனர். ஆகவே, "ஏன் இவ்வளவு தாமதம்?" என்று நோயாளியிடம் கேட்குமுன், "இதற்கு முன் எங்கெல்லாம் சென்றீர்கள்? அங்கே என்ன சோதித்தார்கள்?" என்று கேட்கும் பழக்கம் நம்மிடையே உருவாக வேண்டும். அவ்வினாவுக்கான விடைகளைத் தொகுத்தால், எந்த நிலையத்தில் எந்தச் சோதனை இல்லை என்பது தானே வெளிப்படும்.

அவ்விடைகளைக் கொண்டுசெல்ல இடமும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு நோயாளர் நலச் சங்கங்கள் உள்ளன. ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. சோதனைக்கூடப் பணியிடம் எத்தனை மாதங்களாகக் காலியாக உள்ளது, எக்ஸ்ரே எந்த நாட்களில் எடுக்கப்படுகிறது, முடிவை நோயாளி மறுபடி வராமலே பெற வழி உண்டா என்று அங்கே கேட்பது குடிமக்களின் உரிமை. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர், தெரியாத ஒருவரோடு ஒரு நாள் மருத்துவமனைக்குத் துணையாகச் செல்வதற்கு எந்த அரசாணையும் வேண்டியதில்லை. பெத்சதாவில் கிடந்தவர் கேட்டதும் அத்தகைய ஒரு துணையைத்தான். அடுத்த முறை நம் பங்கில் மருத்துவ முகாம் நடைபெறும்போது, வந்தவரின் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், அவர்களுள் மேற்சோதனை தேவை என்று எழுதித் தரப்பட்டோர் எத்தனை பேர், அதனைச் செய்து முடித்தோர் எத்தனை பேர் என்ற கணக்கையும் ஓர் ஏட்டில் எழுதிவைப்போமாக.